வழக்கும் நீதியும்

நெடுங்கால வழக்கு என்னும் ஒன்றே ஒரு தடையை நீதியாக்குமா என்பது அறநூலாரும் சட்டநூலாரும் ஒருங்கே ஆராய்தற்குரிய வினாவாம். வழக்கு முன்னோரது பட்டறிவின் திரட்சியாகலின் எளிதில் தள்ளற்பாலதன்று. ஆயினும், தடுக்கப்பட்டார் ஒருவர் 'என்னைத் தடுத்தது எற்றுக்கு?' என வினவியக்கால், 'முன்னும் தடுத்தனம்' என்பது விடையாகாது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒருபாலார் இருவர் தம்முள் மணத்தலை விலக்கிய சட்டங்களைப்பற்றி எழுந்த வழக்குகளில் இவ்வுண்மை இனிது விளங்கும்.

அந்நாட்டு அரசியலமைப்பில் 1868-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட பதினான்காம் திருத்தம் இருவகைக் காப்பினைத் தருகின்றது. முறையான சட்டநெறியானன்றி எவருடைய உயிரையும் உரிமையையும் பொருளையும் எம்மாநிலமும் பறித்தலாகாது என்பது ஒன்று. தன் எல்லைக்குட்பட்ட எவர்க்கும் சட்டத்தின் ஒத்த காப்பினை மறுத்தலாகாது என்பது மற்றொன்று. மினசோட்டா மாநிலத்து ஆடவர் இருவர் தொடுத்த வழக்கினை, ஆராயத்தக்க பெருவினா இதன்கண் இல்லையென்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சுருங்கக் கூறித் தள்ளிற்று. அம்மன்றமே 2015 ஜூன் 26-இல், ஓபர்கெஃபெல் என்பார் வழக்கில், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று அத்தடை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. இடையே திருத்தத்தின் சொல் மாறிற்றில்லை. ஆகலின் இருதிறத்தார் கூற்றையும் நிறுத்துக் காண்டல் வேண்டும்.

தடையை நிறுவுவார், 'இச்சட்டம் ஆடவரையும் மகளிரையும் ஒப்பவே தடுத்தலின் ஒத்த காப்பிற்கு இழுக்கில்லை' என்பர். அது பொருந்தாது. வெள்ளையரும் பிற இனத்தாரும் தம்முள் மணத்தலை விலக்கிய வர்ஜீனியா மாநிலமும், இருவரையும் ஒப்பவே தண்டித்தலின் குற்றமில்லை என்றே வாதித்தது. 1967-இல் உச்ச நீதிமன்ற நடுவர் அனைவரும் ஒருமுகமாக அதனை மறுத்தனர். தடை இருபாலார்க்கும் பொதுவாதலால், அத்தடைக்குக் காரணம் உண்டென்பது பெறப்படாது.

'மகப்பேறு கருதியன்றோ அரசு மணத்தைப் போற்றுகின்றது?' எனின், மகப்பேற்றுக்குரிய வயது கடந்தாரையும் மகவு வேண்டாதாரையும் எம்மாநிலமும் மணத்தினின்று விலக்கிற்றில்லை. ஒருவர்க்குக் கேளாத நிபந்தனையை மற்றொருவர்க்கு மட்டும் கேட்டல் நடுவுநிலைமையன்று.

இனி, மூன்றாங்கூற்றே வலியுடையது. 'இம்மணம் நன்றோ தீதோ என்பதன்று வினா. அதனை முடிவு செய்தற்குரியார் யாவர் என்பதே வினா' என்பது தலைமை நடுவர் ராபர்ட்ஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பின் கருத்து. கலிபோர்னியா மக்கள் 2008-இல் வாக்களித்தே அத்தடையைத் தம் மாநில அரசியலமைப்பிற் சேர்த்தனர். மக்கள் பல்லாயிரவர் முடிவை நடுவர் ஐவர் மாற்றுதல் குடியாட்சிக்கு ஒக்குமா? தம் விருப்பையே சட்டத்தின் பொருளெனக் கொள்ளும் நடுவர், நாளை வேறொரு விருப்பையும் அவ்வாறே ஏற்றலாமன்றோ? இவ்வச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று.

ஆயினும், அடிப்படை உரிமைகளை அரசியலமைப்பில் வரைந்து வைத்தலின் பயனே, அவை பலர் வாக்கிற்கேற்ப வந்து போகாமற் காத்தலாம். மேலும், காத்திருத்தல் எல்லார்க்கும் ஒரு தன்மைத்தன்று. ஓஹையோ மாநிலத்தவரான ஓபர்கெஃபெல், தசை தளர்ந்து இறக்கும் நோயுற்ற தம் துணைவரை 2013-இல் மேரிலாந்து மாநிலத்திற்கு விமானத்திற் கொண்டு சென்று, ஓடுதளத்தில் நின்ற அவ்விமானத்தினுள்ளேயே மணந்தார். துணைவர் இறப்பின், இறப்புச் சான்றில் தம்மை வாழ்க்கைத்துணையெனக் குறித்தல் வேண்டும் என்பதே அவர் வேண்டியது. ஓஹையோ சட்டம் அதனை மறுத்தது. துணைவர் அவ்வாண்டிலேயே இறந்தார். அவ்வொரு சொல்லை எழுதுதலாற் பிறர் இழப்பது யாதுமில்லை. எழுதாமையால் அவர் இழப்பது மீளாதது. இத்தகையாரை நோக்கி, 'பலர் மனம் மாறுங்காறும் பொறுத்திரும்' என்றல் எளிது. அப்பொறுத்தலின் சுமை சொல்வார்மேல் விழுவதில்லை.

மாநிலங்கள் பிற மாநிலத்து மணங்களை ஏற்றல்வேண்டும் எனப் பேராயமும் 2022-இல் சட்டஞ் செய்தது. ஆயின் தாமே அம்மணத்தை நடத்துக என அச்சட்டம் மாநிலங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அக்கடப்பாடு இன்றும் 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்மேலேயே நிற்கின்றது. ஆதலின் ராபர்ட்ஸின் எச்சரிக்கையும் முற்றும் ஒழிந்ததன்று.

இவற்றாற் பெறப்படுவது யாதெனின், தடுப்பவனே காரணம் காட்டக் கடவன் என்பதும், தடையை நீக்கும் நடுவனும் தன் விருப்பன்றிச் சட்டத்தின் காரணமே காட்டக் கடவன் என்பதுமாம். காரணங் கூறமாட்டாத வழக்கு, பழமையுடையதாயினும் நீதியாகாது.