நடுத்திடலும் நடுவுநிலையும்

காற்பந்து ஒரு பொழுதுபோக்கு. அதில் அற ஆராய்ச்சிக்கு இடம் ஏது என்று சிலர் கேட்கலாம். பொழுதுபோக்கில்தான் மனிதன் தன் உள்ளத்தைக் காவலின்றித் திறந்து காட்டுகிறான் என்பது நமது எண்ணம். வேலைத்தலத்தில் பிறரை மதிப்பிடும்போது சட்டத்துக்கும் மேலதிகாரிக்கும் அஞ்சி நாவை அடக்குகிறோம். ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போதோ நம்மைத் தடுப்பார் எவருமில்லை. ஆகவே, ஒரு சமுதாயம் பிறர் குற்றத்தை எவ்வாறு விசாரிக்கிறது என்று அறிய விரும்புவோர், தோற்ற குழுவின் ரசிகர்கள் நடுவே சிறிது நேரம் அமர்ந்திருந்தால் போதும்.

மலாக்கா மாநிலத்தில் இவ்விசாரணைக்குக் குறைவே இல்லை. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் முதலிய ஊர்களின் தேநீர்க் கடைகளிலும், தோட்டத்து வீடுகளின் வாசற்படிகளிலும், ஆட்டம் முடிந்த மறுநாள் வழக்கு தொடங்கிவிடும். நடுவில் நால்வரை நிறுத்தியது பிழை என்பார் ஒருவர். மூவரை நிறுத்தியிருந்தால் பிழை இன்னும் பெரிதாகியிருக்கும் என்பார் மற்றொருவர். முன்னணியில் ஒருவனைத் தனியே விட்டதுதான் கேடு என்பார் மூன்றாமவர். இவையெல்லாம் நல்ல வாதங்களே. அறிவுக்கு வேலை தருபவை. ஆனால் இவ்வாதங்களுக்கு எளிதில் முடிவு கிடைப்பதில்லை. பேச்சு நீண்டு களைப்புத் தட்டியதும், எல்லாரும் ஒத்துக்கொள்ளத்தக்க தீர்ப்பொன்று தேவைப்படுகிறது. அத்தீர்ப்பு ஒரு மனிதனின் பெயராக வந்து சேருகிறது. பெரும்பாலும் அது நடுத்திடல் ஆட்டக்காரனின் பெயர். “அவன் ஓடவில்லை, சோம்பேறி, சம்பளத்துக்காக நிற்கிறான்” என்று சொல்லி எல்லாரும் எழுந்து போகிறார்கள்.

இத்தீர்ப்பு எவ்வளவு நியாயமானது?

முதலில் எளிய கணக்கொன்று பார்ப்போம். ஆட்டம் 90 நிமிடம். திடலில் இருப்பவர் 22 பேர். ஒரு நொடியும் வீணாகாமல் பந்து எவருடைய காலிலாவது இருந்துகொண்டே இருந்தாலும், சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடமே வரும். எஞ்சிய எண்பத்தைந்து நிமிடத்துக்கு மேற்பட்ட காலத்தில் அவன் செய்வது என்ன? எதிரியின் வழியை அடைக்கிறான்; தன் தோழன் முன்னேறிச் சென்றதால் காலியான இடத்தை நிரப்புகிறான்; பந்து வரக்கூடிய திசையை அறிந்து முன்கூட்டியே நகருகிறான். நாமோ பந்தைப் பார்க்கிறோம், ஆளைப் பார்ப்பதில்லை. பந்து வந்து தவறிய நொடி நம் கண்ணில் படுகிறது. அது தவறாமல் அவன் காத்த நேரமெல்லாம் கணக்கில் ஏறாமலே போகிறது.

இரண்டாவதாக, நடுத்திடலின் வேலை என்றும் ஒன்றாக இருந்ததில்லை. 1925இல் ஆஃப்சைடு விதி மாற்றப்பட்டது. தாக்குபவனுக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் வேண்டும் என்றிருந்தது இருவர் போதும் என்றாயிற்று. உடனே இங்கிலாந்தின் ஆர்சனல் குழுவை நடத்திய ஹெர்பர்ட் சாப்மன், நடுவில் நின்றவனைப் பின்னுக்கு இழுத்துத் தற்காப்பில் நிறுத்தினார். முன்னணியிலிருந்த இருவரை இறக்கி இடைவெளியை நிரப்பினார். 1958இல் உலகக் கிண்ணம் வென்ற பிரேசில் நடுவில் இருவரையே நிறுத்தியது. அவ்விருவரும் அத்தனை பெரிய திடலை எவ்வாறு காத்தனர்? இடது முனையில் ஆடிய சகாலோ மீண்டும் மீண்டும் பின்வாங்கி வந்து அவர்களுக்குத் துணை நின்றார். அவர் வராதிருந்தால், உலகம் போற்றிய அந்த இருவரையும் ரசிகர்கள் ‘ஓடத் தெரியாதவர்கள்’ என்று ஏசியிருக்கக்கூடும். ஆகவே, ஒருவனுடைய தோல்வி என்று நாம் சொல்வதில் அவனுக்கு அருகே நின்றவனின் பங்கு எவ்வளவு, திட்டம் வகுத்தவரின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியாமல் தீர்ப்புரைப்பது முறையாகுமா?

இவ்வநீதி பிறருக்குப் புரியாவிட்டாலும் தோட்டத்துத் தமிழருக்குப் புரிய வேண்டும். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் ரப்பர் நட்டார். மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். அதன் பின் தலைமுறை தலைமுறையாக நம்மவர் உளி பிடித்தனர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் மரமாகக் கோடு கீறி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து வந்தனர். நிறுவையில் பால் குறைந்தால் வெட்டுக்காரன் ஏசப்பட்டான். மரம் கிழடாயிற்றா, பட்டை கெட்டதா, காலை மழை கோட்டை நனைத்துப் பாலைக் கரைத்ததா என்று நிறுவைத் தராசு கேட்பதில்லை. உழைப்பவனைச் சோம்பேறி என்றழைப்பது அக்காலத்து ஆட்சிக்கும் வழக்கமாயிருந்தது. மலாய்க்காரர், ஜாவானியர், பிலிப்பினர் ஆகியோர்மீது ஏகாதிபத்தியம் எவ்வாறு இப்பட்டத்தைச் சூட்டியது என்பதைச் சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் ஒரு நூலாகவே எழுதி அம்பலப்படுத்தினார். தராசுக்கு முன் நின்று வாடியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று தாமே தராசைக் கையிலெடுத்து, மழையைக் கேளாமல் பாலை நிறுப்பது தகுமா?

மழை எதுவென்று மலாக்கா ரசிகர்கள் அறிவார்கள். மலாக்கா யுனைடெட் குழு 2016இல் பிரிமியர் லீக்கில் முதலிடம் பெற்று, 2017 முதல் 2022 வரை சூப்பர் லீக்கில் ஆடியது. குருபோங்கிலுள்ள ஹங் ஜெபாட் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஆர்ப்பரித்த காலம் அது. ஆனால் அக்குழுவில் ஆட்டக்காரர்களின் சம்பள பாக்கி பெரும் பிரச்சினையாயிற்று. பணநிலை சீரடையாததால் 2023ஆம் ஆண்டுக்கான உரிமம் மறுக்கப்பட்டு, குழு சூப்பர் லீக்கை விட்டே அகன்றது. மாதக்கணக்கில் வீட்டு வாடகைக்கு வழி தேடும் ஒருவன் பந்துக்கு அரை அடி பின்தங்கினால், அந்த அரை அடியில் கணக்கப்பிள்ளையின் பங்கு எவ்வளவு? ‘சம்பளத்துக்காக நிற்கிறான்’ என்று ஏசுகிறோமே, அச்சம்பளம் வந்ததா என்று கேட்டோமா?

இதற்கு மறுப்பும் உண்டு. “காசு கொடுத்துச் சீட்டு வாங்கினோம், மழையில் நனைந்து நின்றோம், குறை சொல்ல எமக்கு உரிமையில்லையா?” என்பர். உரிமை உண்டு. குறை கூறாத ரசிகன் குழுவுக்கு நன்மை செய்பவனல்லன். உண்மையில் சோம்பியவனைச் சோம்பினான் என்று சொல்லத்தான் வேண்டும். ‘நம்மவன்’ என்பதற்காக அவன் பிழையை மூடி மறைப்பதும், பிறன் என்பதற்காகப் பெரிதாக்குவதும் ஒரே தராசின் இரு பொய்களே. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரனும், 1980இல் தென் கொரியாவை வென்ற ஆட்டத்தில் கோல் காத்த ஆர். ஆறுமுகமும் எவருடைய இரக்கத்தாலும் புகழடையவில்லை; தம் திறத்தால் அடைந்தனர்.

ஆனால் குறை கூறுதல் வேறு. பழி சுமத்துதல் வேறு. குறை ஒரு செயலைச் சுட்டும். பழி ஒரு மனிதனைத் தின்னும். 2010இல் கி. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசியக் குழு தென்கிழக்காசியக் கிண்ணத்தை முதன்முறையாக வென்றபோது அவர் அறிவாளி எனப்பட்டார். 2012இல் அதே போட்டியின் தொடக்கத்திலேயே சிங்கப்பூரிடம் 3–0 என்று தோற்றபோது அவ்வறிவு எங்கே போயிற்று? முடிவை மட்டும் பார்த்து முன்னதை அளப்பவர்கள் ஆட்டத்தை அளப்பதே இல்லை. பிரேசிலின் கோல்காவலர் பார்போசா, 1950இல் உருகுவேயிடம் அடைந்த தோல்விக்காக, 2000இல் இறக்கும்வரை பழியைச் சுமந்தார். 2021இல் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் பெனால்டி தவறவிட்ட மூன்று இங்கிலாந்து இளைஞர்களை, அவர்களுடைய தோலின் நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். பழிக்கு இனவெறி எவ்வளவு அருகில் குடியிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. பல இனத்தார் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் நம் நாட்டில் இதை மறக்கலாகாது.

ஆகவே, தீர்ப்புரைக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்கும் வழக்கம் நம்மிடையே வளர வேண்டும். அவனுக்கு இடப்பட்ட வேலை எது? அதைச் செய்ய அவனுக்கு வாய்த்த துணை எது? தவறு ஒருநாளையதா, பல நாளையதா? இவற்றுக்கு விடை கண்டபின், அவன் தகுதியற்றவன் என்று தெரிந்தால், பயிற்றுநர் அவனை உட்கார வைத்து வேறொருவனை இறக்கட்டும். அது அவமதிப்பன்று, பொருத்தம் நோக்கிய முறை. அவனுடைய தாயையும் சாதியையும் இனத்தையும் இழுத்து ஏசுவதற்கு மட்டும் எக்கேள்வியின் விடையும் இடந்தராது.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்று தனி அதிகாரமே வகுத்தார். அது அரசருக்கும் நீதிபதிக்கும் மட்டும் வகுத்ததன்று. தேநீர்க் கடையில் நாம் பழகும் வழக்கமே நாளை கோயில் நிர்வாகக் கூட்டத்துக்கும், சங்கத் தேர்தலுக்கும், குடும்பத்துக்கும் போகிறது. பரீட்சையில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம், வீட்டில் விளக்கும் அமைதியும் இருந்தனவா என்று கேளாமல், ‘சோம்பேறி’ என்று சொல்லும் தகப்பனுக்கும் மேற்சொன்ன ரசிகனுக்கும் வேறுபாடு இல்லை. அத்தகப்பன் சொல்லைக் கேட்டு வளரும் சிறுவன் தமிழ்ப்பள்ளித் திடலில் பந்தாட இறங்கும்போது, நடுவில் நிற்க அஞ்சுவான். கோலடித்துக் கைதட்டுப் பெறும் இடத்தையே நாடுவான். புகழ் குறைந்த, பளு மிகுந்த, கண்ணுக்குத் தெரியாத வேலையை ஏற்க ஆளில்லாத குழு எப்படி வெல்லும்? அத்தகைய சமுதாயந்தான் எப்படி உயரும்?