நாற்பது லிட்டர் கடலும் ஐந்து குற்றங்களும்

1828-ல் ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கடற்கரையில் இயற்கையியலாளர் சர் ஜான் டேலியல் ஒரு கடல் சாமந்தியை எடுத்துவந்து கண்ணாடிச் சாடியில் இட்டார். 1851-ல் அவர் காலமானார். சாமந்தியோ பலர் கைக்கு மாறி, எடின்பரோ தாவரவியல் பூங்காவுக்குப் போய், 'பாட்டி' என்று பெயர் வாங்கி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈன்று, 1887-ல்தான் மடிந்தது. 59 ஆண்டுகள் ஒரு சாடிக்குள். அதைச் சிறைவாசம் என்பதா, நிறைவாழ்வு என்பதா?

மேசைமேல் வைக்கும் சிறு கடல்நீர்த் தொட்டி பரவிவரும் இந்நாளில் இந்தக் கேள்விக்குத் தேவை கூடியிருக்கிறது. தொட்டி வாங்குபவர் வழக்கமாகக் கேட்பது, எந்த மீன் சாகாமல் இருக்கும் என்பதைத்தான். நியாயமான கவலை. நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுவதால் சிறு தொட்டியில் உப்புச்செறிவு சட்டென ஏறும். மிஞ்சிய தீனி அழுகினால் அம்மோனியா ஒரே இரவில் ஆளைக் கவிழ்க்கும். ஆனால் உயிரோடு வைத்திருப்பதும் தீங்கு செய்யாதிருப்பதும் ஒன்றல்ல.

சமணர்கள் இதை முன்பே பிரித்துப் பார்த்தார்கள். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தாரின் கொல்லா விரதத்துக்கு நேரும் வழுவாக ஐந்தைக் குறிக்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்காத சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். ஐந்திலும் உயிர் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாட்டையும் குதிரையையும் நினைத்துச் சொன்னதுபோல் தோன்றும் இந்தப் பட்டியல், கண்ணாடித் தொட்டிக்கும் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது.

அடித்தல் தொட்டிக்கு வருமுன்னே நடந்துவிடுகிறது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பவளப்பாறை மீன்களை சயனைடு கரைசல் பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் பழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. சுமை என்பது, ஓர் உயிரின் கழிவைச் சமாளிக்கும் நீரில் ஆறு உயிர்களை விடுவது. அறுத்தல் சற்றே குழப்பமானது. வளர்ப்பவர்கள் பவளத்தைத் துண்டாக்கி ஒட்டிவைத்தே பெருக்குகிறார்கள். துண்டு ஒவ்வொன்றும் தனிக் கூட்டமாக வளரும், கடலிலுள்ள பாறையும் தப்பும். (இந்தியாவில் கடலிலிருந்து பவளம் எடுப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

உணவைத் தடுத்தல் எளிதில் கண்ணில் படாது. நீலமும் ஆரஞ்சும் குழைத்த மாண்டரின் மீன் விரல் நீளம்தான். சிறு தொட்டிக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். ஆனால் பாறையில் ஊரும் நுண்ணிய ஓட்டுயிரிகளை நாள் முழுவதும் கொறிப்பதே அதன் பிழைப்பு. கடலில் பிடிபட்ட மாண்டரின் பெரும்பாலும் கடைத் தீனியைத் தொடாது. பாறையில் இருப்பது தீர்ந்ததும், தினமும் தீனி தூவப்படும் தொட்டியிலேயே அது மெலிந்து சாகும்.

மிஞ்சுவது கட்டிவைத்தல். இங்கே உயிர்களின் தரவரிசை உதவுவதில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் மரத்துக்கு ஓரறிவு, எறும்புக்கு மூன்று, நண்டுக்கு நான்கு என ஏணி அமைக்கிறது. கொல்வதைப் பற்றிய விவாதத்தில் அந்த ஏணிக்கு இடமுண்டு. அடைப்பதைப் பற்றிய கேள்விக்கோ, அந்த உயிர் தன் போக்கில் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் விடை. முப்பது செ.மீ. வரை வளர்ந்து பாறைத்தொடர் நெடுக மேயும் நீல டாங்கு மீனுக்குப் பெரிய வீட்டுத் தொட்டியும் கட்டுதான். உளுவை மீன்களில் சில இனங்கள் ஒரு வளையைவிட்டு அகலுவதே இல்லை. அந்த வளையைத் தோண்டுவது கண்பார்வை மங்கிய ஓர் இறால். மண்ணைத் தள்ள வெளியே வரும்போது தன் மீசையை உளுவையின்மேல் வைத்தபடியே இருக்கும். ஆபத்து கண்டு மீன் வாலை அசைத்ததும் இரண்டும் உள்ளே. இந்த ஜோடியின் சிறிய இனங்களுக்கு நாற்பது லிட்டர் தொட்டியில் பெரிதாகக் குறைவது எதிரிகள்தான்.

இந்த வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு. எவியோட்டா சிஜிலாட்டா என்ற குட்டி உளுவை அதிகபட்சம் 59 நாள்தான் வாழ்கிறது என்று ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் நடந்த ஆய்வு 2005-ல் காட்டியது. வளர்ந்தபின் ஒரு சிறு இடத்தில் ஒடுங்கிவிடும் அந்த மீன், தன் முதல் மூன்று வாரங்களைத் திறந்த கடலில் மிதந்தே கழிக்கிறது. இருந்த இடத்தைவிட்டு நகராத உயிருக்கும் இளமையில் கடல் முழுவதும் தேவைப்படுகிறது. தொட்டியில் முட்டை பொரிந்தால் குஞ்சுகள் போக இடமில்லை.

பண்ணைக் குஞ்சுகள் பாதி விடை. மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைப் பொரிக்கச் செய்து வளர்க்கிறது. அவற்றை யாரும் கடலிலிருந்து பிரிக்கவில்லை. உமாஸ்வாதியின் ஐந்தையும் சரிபார்ப்பவர் பண்ணையில் பிறந்த ஓர் உளுவை, ஓர் இறால், சில நத்தைகள் என்று நிறுத்திக்கொள்ளலாம். பௌத்தத்தின் அங்குத்தர நிகாயம் கேட்பது வேறு: உயிர்களை விற்கும் தொழிலையே அது இல்லறத்தாருக்கு விலக்குகிறது, அவை எங்கே பிறந்தன என்று பார்ப்பதில்லை. அந்த விலக்கை வாங்குபவர்மீதும் ஏற்றினால், அவர் தொட்டியில் இருக்கக்கூடியது பாசியும், பாறையோடு தானாக வந்து சேர்ந்த புழுக்களும் மட்டுமே.