ஆறு மாதத்துக்கு ஒரு துடைப்பம்

பரிமாற்ற மாணவியாக ஜெர்மனிக்குப் போன புதிதில் திருச்சி அரியமங்கலத்திலிருந்து வந்த போன்களில் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான். "செட்டில் ஆயிட்டியாடி?" அம்மா கேட்டாள், பெரியம்மா கேட்டாள், எதிர்வீட்டு அக்கா கேட்டாள். "ஆச்சு" என்று சொல்லிவிடலாம். எது ஆனால் ஆனதாகக் கணக்கு என்பதுதான் பிடிபடவில்லை. ரூம் கிடைத்தது, சிம் கார்டு வாங்கியாயிற்று, அரிசி எங்கே கிடைக்கும் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்தக் கேள்விக்கு மனதாரப் பதில் வரவில்லை.

ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஒரு செமஸ்டர். காகித வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் அதற்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்பதால் சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கி வைத்துவிட வேண்டும். டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். இவையெல்லாம் தானாகப் பழகிவிடும்.

பழகாமல் நின்றது வேறொன்று. எங்கள் பரிமாற்ற மாணவர் கூட்டத்தில் எதை எடுத்தாலும் யாராவது ஒருவர் "ஆறு மாசம்தானே" என்பார். வாளி வாங்கலாமா? ஆறு மாசம்தானே. ஜெர்மன் வகுப்பில் சேரலாமா? ஆறு மாசம்தானே. பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளலாமா? அதற்கும் அதே பதில்தான். வாரக் கடைசியானால் பஸ் பிடித்துப் பாரிஸ், பிராக் என்று கிளம்பிவிடுவோம். ஊர் சுற்றுவதில் தவறொன்றும் இல்லை, அந்த வயதில் சுற்றாமல் எப்போது சுற்றுவது? ஆனால் நாலு நாட்டுத் தலைநகரங்களைப் பார்த்துவிட்டுத் தன் தெருவின் அடுத்த முக்கு எங்கே போகிறது என்று தெரியாமல் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். திரும்பும் டிக்கெட் கையில் இருப்பது ஒரு வசதி. அந்த வசதிதான் காலை ஊன்ற விடாமலும் வைத்திருந்தது.

நான் இருந்தது நகரின் மேற்குப் பகுதியில் ஒரு பழைய அடுக்குவீட்டில், இன்னும் இரண்டு மாணவிகளோடு. நவம்பரில் ஒரு நாள் காலை கதவைத் திறந்தால் கைப்பிடியில் சின்ன அட்டை ஒன்று தொங்குகிறது. 'கேர்வோஹே' என்று அச்சடித்திருந்தது. பெருக்கும் வாரம். அட்டை யார் வீட்டுக் கதவில் தொங்குகிறதோ, அந்த வாரம் மாடிப்படியும் நடையும் வீட்டு முன்னாலிருக்கும் நடைபாதையும் அவர்கள் பொறுப்பு. பனி கொட்டினால் அதையும் தள்ள வேண்டும்.

கீழ்வீட்டில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் இருந்தார். அவர்தான் மேலே வந்து செய்து காட்டினார். மேல்படியிலிருந்து கீழ்நோக்கிப் பெருக்க வேண்டும், மூலைகளுக்கு ஈரத்துணி, பிடித்து இறங்கும் கம்பியையும் துடைக்க வேண்டும். காகிதத்துக்கு ஒரு தொட்டி, சமையல் கழிவுக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு மஞ்சள் பை, மிச்சத்துக்கு இன்னொரு தொட்டி. கண்ணாடிப் பாட்டில்களைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் நிறம் பார்த்துப் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடக்கூடாது, சத்தம் வரும். எல்லாம் கேட்டுவிட்டு, நான் மார்ச் மாதம் ஊருக்குப் போய்விடுவேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினார். பிறகு சுவரிலிருந்த காலண்டரைப் புரட்டி, ஜனவரியில் எங்கள் முறை மறுபடி எந்த வாரம் வருகிறது என்று விரல் வைத்துக் காட்டினார்.

அன்று மாலையே போய் ஒரு துடைப்பம் வாங்கினேன்.

ஸ்டுட்கார்ட்டில் இந்தப் பெருக்கும் வாரம் நேற்று வந்த வழக்கமல்ல. எபர்ஹார்ட் பிரபுவின் ஆட்சியில், 1492ஆம் ஆண்டு நகரச் சட்டத்திலேயே, தெருவைச் சுத்தமாக வைப்பதைக் குடியிருப்பவர்கள் கையில் ஒப்படைத்திருக்கிறார்கள். 1980களின் இறுதியில் நகராட்சி தன் கட்டாயத்தைத் தளர்த்திக்கொண்டது, வாடகை ஒப்பந்தங்களில் மட்டும் இன்னும் தொடர்கிறது. ஜெர்மனியின் மற்ற ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். எனக்குக் கேலியாகப் படவில்லை, நான் அரியமங்கலத்துக்காரி.

திருச்சியில் எங்கள் பகுதியின் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது குப்பைக் கிடங்குதான். 47 ஏக்கருக்கு மேல். ஸ்ரீரங்கத்து அடையவளஞ்சான் வீதியில் சாப்பிட்டு எறிந்த வாழையிலை, காந்தி மார்க்கெட்டில் அழுகிய தக்காளி, தில்லை நகரில் கழித்துக்கட்டிய மெத்தை என்று எல்லாம் பல பத்தாண்டுகளாக எங்கள் பக்கமே வந்து சேர்ந்தன. கோடையில் கிடங்கு பற்றிக்கொண்டால் நாள்கணக்கில் புகையும். தஞ்சாவூர் ரோட்டில் வண்டிகள் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும். ஜன்னலைச் சாத்திவிட்டு, ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். பிறகு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பழைய குப்பையைக் கிளறிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை வந்தது, மேடு குறையத் தொடங்கியது. இந்த நகரத்தில் யாரும் வேண்டுமென்று எங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. விடியற்காலையில் எழுந்து தங்கள் வாசலைத் தெளித்துப் பெருக்கிக் கோலம் போட்டார்கள். வாசலைத் தாண்டியது எங்கே போகிறது என்று கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரில் இருப்பவர்களும் 'ஆறு மாசம்தானே' என்பது போல இருந்துவிட முடியும்.

அதனால்தான் கூட இருந்தவர்கள் கார் அருங்காட்சியகங்களைப் பார்க்கப் போன ஒரு நாளில், எங்கள் வீட்டு மிச்சத் தொட்டியின் குப்பை எங்கே போகிறது என்று பார்க்க நான் போனேன். நெக்கர் ஆற்றங்கரையில் மூன்ஸ்டர் என்றொரு பகுதி. அங்குள்ள ஆலையில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், அந்தச் சூடு குழாய் வழியாக நகரத்துக் கட்டடங்களுக்குப் போய் அறைகளைக் கதகதப்பாக்குகிறது. உயர்ந்த புகைபோக்கிகள், அவற்றைப் பார்த்தபடி குடியிருப்புகள், ஜன்னல் விளிம்பில் பூந்தொட்டிகள், நிறுத்தத்தில் ட்ராமுக்காக நிற்கும் பள்ளிப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் நான் என்னைப் பார்த்தேன். கோட்டையும் சதுக்கமும் தராத நெருக்கத்தை ஸ்டுட்கார்ட் எனக்கு அங்கேதான் தந்தது. அன்றிரவு அம்மாவிடம் தயங்காமல் சொன்னேன், செட்டில் ஆயிட்டேன் என்று.

கும்பகோணத்துக் கணிதமேதை ராமானுஜனை அந்தக் குளிர்காலத்தில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து நேவாசா கப்பலில் கிளம்பியவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்தது ஆண்டுக்கு 250 பவுண்டு, முதலில் இரண்டு வருடத்துக்கு. போர் வந்து அது ஏறத்தாழ ஐந்து வருடமானது. கேம்பிரிட்ஜில் ராத்திரியெல்லாம் குளிரில் நடுங்குகிறார் என்று அறிந்த நண்பர் மகலனோபிஸ் அறைக்குள் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கட்டிலில் கம்பளிகள் இழுத்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கிக்கொண்டு உள்ளே படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியவில்லை. ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு அத்தனை கம்பளிக்கும் மேலேயே படுத்திருந்தார். கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும், சொல்ல வேண்டும் என்று மற்றவர்களுக்குத் தோன்றியிராது. புது ஊருக்குப் போகிற எல்லாருமே கொஞ்ச காலம் அப்படித்தான் மேலேயே படுத்திருக்கிறோம்.

அரிசி வாங்க நான் போகும் கடை யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருடையது. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர். முதல் நாள் பில் போடும்போது, "எவ்வளவு காலம் நிக்கிறாய் பிள்ளை?" என்று கேட்டார். ஆறு மாதம் என்றேன். "நாங்களும் ரெண்டு வருசத்திலை திரும்பிப் போறது எண்டுதான் வந்தனாங்கள்" என்றார். எத்தனையோ வருடம் அலமாரியே வாங்காமல் பெட்டிக்குள்ளேயே உடுப்பை வைத்திருந்தாராம். போரால் விரட்டப்பட்டு வந்தவரையும், உதவித்தொகை வாங்கிக்கொண்டு விமானத்தில் வந்து இறங்கிய என்னையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனாலும் அந்தப் பெட்டியை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. அலமாரி வாங்கிய பிறகுதான் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினேன் என்றும் சொன்னார்.

துடைப்பத்தை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு, மார்ச்சில் ஊர் திரும்பினேன். அதன் பிறகு எங்கள் தெருவை வேறு கண்ணால் பார்க்க நேர்கிறது. அரியமங்கலம் வந்து போகிறவர்களின் ஊர். எஸ்.ஐ.டி. பாலிடெக்னிக்கில் படிக்க வெளியூரிலிருந்து வந்து ரூம் எடுத்திருக்கும் பையன்கள் எப்போதும் உண்டு. இப்போது தொழிற்பேட்டையிலும் ஆலைகளிலும் வேலை செய்ய பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு மாடி ரூமில் ஐந்தாறு பேர் சில வருடங்களாகவே இருக்கிறார்கள். தெருவுக்கு அவர்கள் 'வடக்கத்திப் பசங்க'. தண்ணீர் எப்போது வரும், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்து எந்த நேரத்தில் வண்டியில் போட வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஷிப்டு முடிந்து வருவதற்குள் வண்டி போய்விடுகிறது. பை முக்கில் கிடந்தால் திட்டு மட்டும் தவறாமல் விழுகிறது. பழகிக்கொள்ள வேண்டியது வந்தவன்தான் என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். எனக்கு ஸ்டுட்கார்ட்டில் கிடைத்த அட்டையை நானாகப் போய் எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை, ஒருவர் கொண்டுவந்து என் கதவில் மாட்டினார். மூன்று மாடி ஏறி வந்து, அந்த வயதில்.

ஒவ்வொரு வருடமும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கிறார்கள். சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்று வீட்டுக்கு வீடு நோட்டுப் போகும், அந்த மாடி ரூமுக்கு மட்டும் போனதில்லை. இந்த வருடம் அவர்களையும் நோட்டில் எழுத வேண்டும், அன்னதானத்தன்று பந்தி பரிமாறவும் கூப்பிட வேண்டும், குப்பை வண்டி நேரத்தையும் அப்போதே சொல்லிவிடலாம் என்று விழாக் குழுவில் இருக்கும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். "அவங்க எப்ப கெளம்புவாங்கன்னே தெரியாதேம்மா, கேட்டா குடுப்பாங்களா?" என்கிறார். நானும் கூட வருகிறேன், போய்க் கேட்போம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு லீவு, அன்றைக்குப் போவதாக இருக்கிறோம்.