அளவுகோலும் அறமும்

தொழில் நிர்வாகம் ஒரு விஞ்ஞானம் என்பர். விஞ்ஞானமாயின், அது யாருக்காகப் பணிபுரிகிறது என்று நாம் கேட்கலாகாதா?

அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடெரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட நூல், பெத்லகேம் உருக்காலையின் கதையொன்றைப் பெருமையுடன் கூறுகிறது. அங்கே இரும்புப் பாளங்களைச் சுமந்து ஏற்றிய தொழிலாளி ஒருவரின் நாளாந்த அளவு 12.5 தொன். எப்போது தூக்குவது, எப்போது ஓய்ந்திருப்பது என்று மேற்பார்வையாளர் கட்டளையிட்டபின், அது 47.5 தொன்னாக உயர்ந்தது. கூலியோ 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராயிற்று. உழைப்பின் பயன் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஊதியம் இரு மடங்குகூட இல்லை.

வீண் உழைப்பைக் குறைக்கும் அறிவை நாம் வெறுக்கவில்லை. ஆனால், சிந்திப்பது நிர்வாகியின் உரிமை, சுமப்பது தொழிலாளியின் கடமை எனப் பிரித்த கணமே அந்த அறிவு அறத்தை இழந்துவிட்டது. நமது மலைநாட்டிலும், குறித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ போடும் வழக்கத்தை நாம் அறிவோம். அந்த எடையைக் குறித்தவர் யார்? கொழுந்து பறிப்பவளை ஒரு வார்த்தை கேட்டாரா?

அளப்பது குற்றமன்று. அளவுகோலைப் பிடிக்கும் உரிமையிலும், விளைந்த பயனிலும் உழைப்பவருக்குப் பங்கு கிட்டாதவரை, நிர்வாகம் திறமையுடையதாக இருக்கலாம், நீதியுடையதாக இராது.