காவலில் இருப்பவன் போன் எடுக்கலாமா?

22, 5, 2. மூன்றும் கடல் மைல் கணக்கு. 2020 ஜூலையில் வகாஷியோ என்ற பெரிய சரக்குக் கப்பல் ஒன்று சீனாவிலிருந்து கிளம்பி, நம்ம சிங்கப்பூர் பக்கமாக வந்து, பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜப்பானிய நிறுவனத்துக்குச் சொந்தமான கப்பல். மொரீசியஸ் தீவை 22 மைல் தள்ளிக் கடப்பதுதான் முதலில் போட்ட திட்டம். தீவை நெருங்குவதற்கு இரண்டு நாள் முன்பு அதை 5 மைலாகக் குறைத்தார்கள். ஜூலை 25-ஆம் தேதி, இன்னும் குறைத்து 2 மைலுக்குப் போகப் பார்த்தார்கள். ஏன் தெரியுமா? ஹேண்ட்போனுக்கு லைன் கிடைக்கணும், அவ்வளவுதான். இதைச் சொன்னது வேறு யாரும் இல்லை, கப்பலை இயக்கிய மிட்சுயி ஓ.எஸ்.கே. லைன்ஸ் நிறுவனமே தன் அறிக்கையில் சொன்னது.

பொறியியல் படிக்கிறவன் என்பதால் ஒரு சின்ன விளக்கம். 22 கடல் மைல் என்றால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பழைய ஜிஎஸ்எம் முறையில் போனுக்கும் டவருக்கும் நடுவே அலை போய் வரும் நேரத்தைக் கணக்கிடுவதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அதன்படி 35 கிலோமீட்டருக்கு மேல் சாதாரண டவர் வேலை செய்யாது. கடல் மட்டத்தில் பூமியின் வளைவும் சேர்ந்து மறைக்கும். ஆகவே 22 மைலில் நம் கையில் இருப்பது டார்ச்லைட்டும் கேமராவும்தான். 5 மைல் என்றால் 9 கிலோமீட்டர், லைன் வரலாம். 2 மைல் என்றால் 4 கிலோமீட்டர்கூட இல்லை, நல்லாவே வரும். ஆனால் அந்தக் கப்பலின் நீளமே 300 மீட்டர். கரைக்கு எவ்வளவு தூரம், தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று சரியாகப் பார்க்கும் அளவுக்கு விவரமான வரைபடமும் அவர்கள் கையில் இல்லை. புவான் தெஸ்னி அருகே பவளப்பாறையில் ஏறி நின்றது கப்பல். பத்துப் பன்னிரண்டு நாளில் எண்ணெய் கசிய ஆரம்பித்து, ஏறக்குறைய 1,000 டன் கடலில் கலந்தது.

அப்போது இந்தச் செய்தியைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. "லைன் தேடிப் போய் கப்பலை மோதிட்டானுங்க" என்று மீம்ஸ் போடுவது சுலபம். ஆனால் அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். நாம் எல்லாரும் எம்சிஓ-வில் வீட்டுக்குள்ளே அடைந்து கிடந்தோம். தாத்தா பாட்டியை வீடியோ காலில் பார்த்துத்தான் மனசை ஆற்றிக்கொண்டோம். அதே நேரத்தில், ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்குப் போக முடியாமல் கப்பலிலேயே மாட்டிக்கொண்டவர்கள் உலகம் முழுவதும் ஏறக்குறைய 400,000 பேர். வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் ஆஸ்பத்திரியில், யார் இன்னும் இருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. குடும்பத்தோடு பேச ஆட்கள் ஆசைப்பட்டதால்தான் கரைக்குப் பக்கத்தில் போனேன் என்று கேப்டன் விசாரணையில் சொன்னார். அன்று ஒரு மாலுமியின் பிறந்தநாள் விருந்து வேறு.

கேப்டன் செய்தது ஒரு வகையில் அன்புதானே? தன் ஆட்களின் ஏக்கத்தைப் பார்த்து மனம் இளகியவர் அவர். சமய வகுப்பில் நமக்கு அன்பே கடவுள் என்று சொல்லித் தருகிறார்கள். பிறகு அந்த அன்பு எங்கே தப்பாகிப் போனது?

என் கணக்கில் அது தப்பானது, யாருடைய பொருளை எடுத்துக் கொடுக்கிறோம் என்று பார்க்காததில். சொந்தத் தூக்கத்தையோ சம்பளத்தையோ விட்டுக்கொடுத்து அவர் ஆட்களுக்கு உதவியிருந்தால் அது தியாகம். அவர் எடுத்துக் கொடுத்தது கரையில் இருந்தவர்களின் பாதுகாப்பை. மஹேபூர் மீனவர்களிடம் அதை யாரும் கேட்கவில்லை. எண்ணெய் பரவியதும் அந்த ஊர் மக்கள்தான் காய்ந்த கரும்புச் சோகையைத் துணிப் பைகளில் திணித்து, தைத்து, கடலில் மிதக்கவிட்டுத் தடுத்தார்கள். அந்தத் தீவில் நம்மைப் போலவே தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் தமிழர்கள் உண்டு, அரசாங்க விடுமுறையே உண்டு. அங்குள்ள பலருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்காகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள். அந்தக் கரும்பின் சோகையை வைத்தே பேரப்பிள்ளைகள் கடலைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

சரி, விதி என்ன சொல்கிறது? எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் சாதாரண ஹேண்ட்போன் கூடவே கூடாது. எரியும் வாயு இருக்கும் இடத்தில் ஒரு சின்னப் பொறி போதும் என்பதால், அதற்கென்று செய்த போன் மட்டும்தான் அனுமதி. இதில் தர்ம சங்கடம் எதுவும் இல்லை, பௌதிகம்தான். கஷ்டமான இடம் பிரிட்ஜ், அதாவது கப்பலைச் செலுத்தும் அறை. 1972-இன் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, எல்லாக் கப்பலும் எல்லா நேரத்திலும் கண்ணாலும் காதாலும் மற்ற எல்லா வழிகளாலும் கவனித்துக்கொண்டே இருக்கணும் என்கிறது. அந்த விதியில் போன் என்ற சொல்லே இல்லை. இருந்தாலும் பிரிட்ஜில் சொந்த போன் கூடாது என்று பல நிறுவனங்கள் சொல்வதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. வாட்ச்சில் நிற்பவர் தூங்கிவிட்டாரா என்று பார்க்க ஓர் அலாரமும் உண்டு. 3 முதல் 12 நிமிடத்துக்குள் ஏதாவது அசைவு காட்டணும், இல்லாவிட்டால் கத்தும். ஆனால் பட்டனை அமுக்கிவிட்டு மறுபடி போனைப் பார்ப்பவரை அந்த அலாரத்தால் கண்டுபிடிக்க முடியாது.

டிக்டாக் பார்க்கிறவனுக்கு விதி போடுவது சுலபம். இன்னொரு சம்பவம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. 2010 ஜூலை 7, அமெரிக்காவின் பிலடெல்பியா, டெலவேர் ஆறு. சுற்றுலாப் பயணிகளோடு போன நீர்வண்டி ஒன்று பழுதாகி நடு ஆற்றில் நின்றுவிட்டது. ஓர் இழுவைப்படகு தள்ளி வந்த பெரிய பார்ஜ் அதன்மேல் ஏறியது. ஹங்கேரியிலிருந்து வந்திருந்த 16 வயதும் 20 வயதுமான இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். இழுவைப்படகைச் செலுத்திய துணை அதிகாரி அந்த நேரத்தில் போனிலும் லேப்டாப்பிலும் இருந்தார். விளையாட்டுக்காக இல்லை. அவருடைய சின்ன மகனுக்குச் சாதாரண கண் அறுவை சிகிச்சை. அதன் நடுவே உடம்புக்கு ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று வீட்டிலிருந்து செய்தி வந்திருக்கிறது. அவர் பார்வை தெளிவாகக் கிடைக்கும் மேல் அறையை விட்டுக் கீழ் அறைக்குப் போய், ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிட்டு, குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்தார். நீர்வண்டியிலிருந்து போன ரேடியோ அழைப்பு அவர் காதில் விழவில்லை. 2011-இல் அவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை.

அவர் நிறுவனத்திலும் வாட்ச் நேரத்தில் போன் கூடாது என்ற விதி இருந்தது. ஆனால் பிள்ளை உயிருக்குப் போராடும்போது "விதி இருக்கிறது, போனை வை" என்று ஓர் அப்பாவிடம் யார் சொல்வது? நம் மரபில் அப்படிச் சொன்ன ஒருவர் அரிச்சந்திரன். சுடுகாட்டில் சொந்த மகனின் உடலுக்கே கூலி கேட்டவர். சின்ன வயதிலிருந்தே அந்தக் கதை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அரிச்சந்திரன் பெரியவன்தான். ஆனால் வேலைக்கு வருகிற எல்லாரும் அரிச்சந்திரனாக இருந்தால்தான் காப்பாற்றும் என்றால், அந்த விதி சரியாக எழுதப்படவில்லை.

அந்த அப்பாவுக்கு இரண்டு வழிதான் தெரிந்தது போலிருக்கிறது. ஒன்று மகன், ஒன்று வேலை. மூன்றாவது வழியும் இருந்தது. "கேப்டன், என் பிள்ளைக்கு ஆபத்து, என்னால் இப்போது நிற்க முடியாது, ஆளை மாற்றுங்க" என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. வாட்ச் என்பதே கை மாற்றிக் கொடுக்கிற கடமை. ஒருவர் விட்டால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார். குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனுக்கு இந்த வசதி இல்லை, அவன் இடத்தில் வேறு ஆளை நிறுத்த முடியாது. நாம் எதற்கெடுத்தாலும் கீதையைத் தூக்கிக்கொண்டு வந்து, கடமையா பாசமா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். பாதி நேரம் நம் நிலைமை அர்ஜுனனின் நிலைமையே இல்லை. வாயைத் திறந்து உதவி கேட்டால் தீர்ந்துவிடும்.

"அந்தக் காலத்தில் போனே இல்லாமல் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வரலையா?" என்று சிலர் கேட்பார்கள். வந்தார்கள். ஆனால் அப்போது ஊரில் இருந்தவர்களும் கடிதம் வரும்வரை காத்திருக்கப் பழகியிருந்தார்கள். இன்று மூன்று நாள் பதில் இல்லையென்றால் அம்மா சாமி அறையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிடுவார். வங்கியில் காசு அனுப்பக்கூட போன் வேணும். மகன் என்றால், கணவன் என்றால், அப்பா என்றால் செய்ய வேண்டியதில் பாதி இன்று போன் வழியாகத்தான் நடக்கிறது.

அதனால்தான் 2022-இல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 2024 டிசம்பர் 23 முதல் அது நடப்பில் இருக்கிறது. கப்பலில் வேலை செய்பவர்களுக்கு இணைய வசதி கிடைக்கணும், கட்டணம் இருந்தால் நியாயமானதாக இருக்கணும் என்பது அதன் சாரம். 2006-இன் அந்த உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2011-இலும் மலேசியா 2013-இலும் ஏற்றன. எனக்கு இதில் ஒரு சந்தோஷம், ஓர் எரிச்சல். போனைத் தொடாதே என்று சொல்லும் உரிமை உனக்கு இருந்தால், வேறு நேரத்தில் பேச வழி செய்து தரும் கடமையும் உனக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார்களே, அது சந்தோஷம். "நியாயமான", "முடிந்த அளவு" என்று எழுதி வைத்திருப்பது எரிச்சல். லேப் ரிப்போர்ட்டில் நான் அப்படி எழுதினால் லெக்சரர் மார்க் போடமாட்டார்.

வைஃபை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு என்பது கடல் விதி. அந்த ஓய்வில் நான்கு மணி நேரம் ரீல்ஸ் பார்த்துவிட்டுச் செக்கச் சிவந்த கண்ணோடு பிரிட்ஜுக்கு வந்தால், போன் கேபினில் இருந்தாலும் ஒன்றுதான், கையில் இருந்தாலும் ஒன்றுதான்.

வகாஷியோவின் கேப்டனுக்கும் அவருக்கு அடுத்த அதிகாரிக்கும் 2021 டிசம்பரில் தலா 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தப்பு செய்தார்கள், தண்டனை சரி. அதோடு நடைமுறையும் மாறணும். வாட்ச் முடியும்வரை சொந்த போன் பிரிட்ஜ் கதவுக்கு வெளியே இருக்கட்டும், கேப்டனுடையதும் சேர்த்து. அதற்கு ஈடாக, ஒவ்வொரு மாலுமியின் வீட்டிலும் கப்பலின் எண் இருக்கட்டும். வீட்டில் ஆபத்து என்றால் செய்தி நேராகக் கேப்டனுக்குப் போகணும், அவர் உடனே ஆளை மாற்றணும், அதற்காகச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. பெரிய கப்பலில் இதைச் செய்யலாம். இரண்டே அதிகாரிகள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி நிற்கும் சின்னக் கப்பலில்தான் சிக்கல். அங்கே மாற்றுவதற்கு மூன்றாவது ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்வி வரும். அதை வாட்ச்சில் நிற்பவரிடம் கேட்டுப் பயனில்லை, கரையில் ஆபீசில் இருப்பவர்களிடம்தான் கேட்கணும்.