வீடு கட்டும் இடமும் ஓர் அமானிதமே

 



வீட்டை எங்கே கட்டுவது என்பது நம் சொந்த விஷயம் என்றுதான் நினைக்கிறோம். காசு ஹலாலானது. நிலம் முறையாக வாங்கியது. பத்திரத்தில் வில்லங்கம் இல்லை. வட்டி கலக்கவில்லை. இதற்கு மேல் மார்க்கம் கேட்க என்ன இருக்கிறது? இந்த வாரம் அந்தக் கேள்வியைத்தான் பார்க்கப் போகிறோம்.

பனூ ஸலிமா கேட்ட கேள்வி

மதீனாவில் பள்ளிவாசலைச் சுற்றிச் சில இடங்கள் காலியாயின. சற்றுத் தொலைவில் குடியிருந்த பனூ ஸலிமா கூட்டத்தார், பள்ளிக்கு அருகில் வந்து குடியேற விரும்பினார்கள். இருந்த இடத்திலேயே இருக்குமாறும், அவர்களுடைய காலடிகள் நன்மைகளாக எழுதப்படுவதாகவும் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மதீனாவின் ஓரப்பகுதி வெறிச்சோடிப் போவதை நபியவர்கள் விரும்பவில்லை என்று ஸஹீஹ் புகாரியில் வரும் அறிவிப்பு சொல்கிறது.

"அப்படியானால் தூரத்தில் வீடு கட்டுவது நல்லதுதானே?" என்று ஒருவர் கேட்கலாம். கொஞ்சம் நிதானியுங்கள். இங்கே எழுதப்பட்டது காலடி. தூரத்துக்காக மட்டும் நன்மை சொல்லப்படவில்லை. பனூ ஸலிமாவின் தொலைவு, ஐவேளைத் தொழுகைக்கும் மனிதன் நடந்து வந்து போகக்கூடிய தொலைவு. இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கூட்டத்தார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை நபியவர்கள் அவர்களுடைய சொந்த விஷயமாக விட்டுவிடவில்லை. ஊர் முழுவதற்கும் அதனால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள்.

நம் பள்ளத்தாக்கில் என்ன நடக்கிறது?

மணிமுத்தாறு அணையடியிலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையின் பழைய ஊர்களைப் பாருங்கள். ஆற்றையும் கால்வாயையும் ஒட்டி வயல். ஓரமாக நெருக்கமான தெருக்கள். மேலப்பாளையத்தில் தறி ஓடிய காலத்திலும், பத்தமடையில் பாய் முடைந்த வீடுகளிலும், வேலையும் கடையும் பள்ளிவாசலும் மதரஸாவும் கால்நடைத் தூரத்திலேயே இருந்தன. அப்போது "கரியமில வாயு" என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் அதைக் குறைக்கும் ஊர் அமைப்பு அங்கே இருந்தது.

இன்று வயலையும் தோட்டத்தையும் பிளாட் போட்டு, "நகர்" என்று ஒரு பலகை நடுகிறார்கள். அங்கே ரேஷன் கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, பஸ் நிற்பதில்லை. பால் பாக்கெட்டுக்கும் பைக்கை எடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி வீடு. ஒரு நாளைக்கு இரண்டு முறை போய் வந்தால் 20 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக் என்றாலும், வருடத்துக்கு 146 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஒரு வீட்டுக்கு வருடம் சுமார் 335 கிலோ. அப்படி 300 வீடுகள் இருந்தால் 100 டன். காருக்கும், புதிய சாலைக்கும், நீளும் குழாய்க்கும் கம்பிக்கும் ஆகும் கணக்கு இதில் சேரவில்லை.

நெருக்கமான ஊரில் இது எப்படிக் குறைகிறது? சின்னச் சின்ன வேலைகளுக்கு வண்டி தேவைப்படாது. ஒரே நிறுத்தத்தில் நிறையப் பேர் ஏறுவதால் பஸ் நட்டமில்லாமல் ஓடும். ஒரே தெரு, ஒரே குழாய் பல வீடுகளுக்குப் பயன்படும். சிமெண்டும் மிச்சம், விளைநிலமும் மிச்சம். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், வீடும் வேலையும் கடையும் அருகருகே இருக்கும்படி நகரங்கள் வளர்ந்தால், 2050-க்குள் நகரங்களின் வெளியேற்றத்தை, இப்போதைய போக்கிலேயே போவதைவிட 23 முதல் 26 சதவீதம் வரை குறைக்க முடியும் என்று சொல்லியிருக்கிறது. 1990-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவும் ஸ்பெயினின் பார்சிலோனாவும் ஏறத்தாழ ஒரே அளவு மக்கள்தொகை கொண்டவை. பார்சிலோனா 162 சதுர கிலோமீட்டரில் அடங்கியது. அட்லாண்டா 4,280 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடந்தது. இரண்டில் எங்கே வண்டியில்லாமல் வாழ முடியும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பாதிப்பு யாருக்கு?

காற்று ஒரு டிகிரி சூடானால், அது சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் ஒரே மூச்சில் கொட்டும்போது என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2023 டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டது. அந்த மழைக்கு நம் பைக் புகைதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பூமி சூடாகச் சூடாக இப்படிப்பட்ட பெருமழைகள் கூடுகின்றன என்பது அறிவியல் சொல்லும் செய்தி. அதில் முதலில் மூழ்குவது தாழ்ந்த இடத்தில் ஓட்டு வீட்டில் இருப்பவர். வண்டியே வாங்காதவர்.

தனக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கக் கூடாது என்ற நபிமொழியை ஃபிக்ஹ் அறிஞர்கள் சட்டத்தின் ஓர் அடிப்படையாகவே வைத்தார்கள். நம் சுவர் பக்கத்து வீட்டு வெளிச்சத்தை மறைத்தால் தீங்கு என்று உடனே புரிகிறது. ஆயிரம் பேர் சேர்ந்து துளித்துளியாகச் செய்யும் தீங்கு மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததால் அது தீங்கு இல்லை என்று ஆகிவிடுமா?

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: "அமெரிக்கர் ஒருவர் வருடத்துக்குச் சுமார் 14 டன் வெளியேற்றுகிறார், இந்தியர் சுமார் 2 டன்தான். நமக்கு எதற்கு இந்தச் சுமை?" நியாயமான கேள்வி. அதிகம் செய்தவர் அதிகம் பொறுப்பேற்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அவர்களுடைய ஊர்கள் கட்டி முடிந்துவிட்டன. நம் ஊர்கள் இப்போதுதான் விரிகின்றன. இன்று போடும் தெரு, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அப்படியே இருக்கும். ஒருவர் தவறு செய்தார் என்பது, அதே தவறைச் செய்ய நமக்குத் தரப்பட்ட அனுமதிச் சீட்டு ஆகாது.

இரண்டாவது: "ஊருக்குள் மூச்சு முட்டுகிறது. சாக்கடை வழிகிறது, ஆம்புலன்ஸ் நுழைய வழியில்லை." உண்மைதான். நெருக்கமும் நெரிசலும் ஒன்றல்ல. பாதையின் அளவில் தகராறு வந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி புகாரியில் இருக்கிறது. வீடுகள் அருகருகே இருக்கட்டும். நடப்பவருக்கான பாதையை யாரும் விழுங்கக் கூடாது. திண்ணையை நீட்டித் தெருவைச் சுருக்கியவர்கள்தான் மற்றவர்களை ஊரை விட்டு விரட்டுகிறார்கள்.

மூன்றாவது: "ஊருக்குள் சென்ட் விலை எட்டாது. ஏழை எங்கே போவான்?" இதுதான் மிகக் கனமான கேள்வி. வேறு வழியின்றித் தூரத்தில் குடியேறியவர் மீது குற்றமில்லை. அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் அவருக்கு வழியில்லாமல் போனதற்கு யார் பொறுப்பு?

தனிக் கடமையா, கூட்டுக் கடமையா?

தொழுகை ஃபர்ளு ஐன். ஒவ்வொருவர் மீதும் தனித்தனிக் கடமை. ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிஃபாயா. சிலர் நிறைவேற்றினால் எல்லோரும் பொறுப்பிலிருந்து நீங்குவர், யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். மருத்துவம் போன்ற, சமுதாயம் இன்றியமையாமல் வேண்டி நிற்கும் துறைகளையும் அறிஞர்கள் இந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். நடந்து வாழக்கூடிய ஊரை அமைப்பதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தனி மனிதர் ஒருவர் நடைபாதை போட முடியாது, பஸ் விட முடியாது. ஒரு மஹல்லா சேர்ந்து கேட்டால் முடியும். சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றது. 2019 நவம்பரில் தி.நகர் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. தலைநகரில் முடிந்ததை அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் கேட்கக் கூடாதா?

ஜமாஅத் நிர்வாகிகளே! வக்ஃப் நிலம் பள்ளிக்கு அருகில் சும்மா கிடந்தால், மார்க்கம் அனுமதிக்கும் வழியில் எளியவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடுகள் கட்ட ஆலோசியுங்கள். புதிய மனைப்பிரிவு வரும்போது, கடைக்கும் மக்தபுக்கும் பஸ் நிறுத்தத்துக்குப் போகும் பாதைக்கும் இடம் விட்டார்களா என்று கேளுங்கள்.

சகோதரர்களே! மாடி கட்ட முடிந்தவர், தொலைவில் மனை வாங்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். ஜும்ஆவுக்கு வாகனம் ஏறாமல் நடந்து வருவதற்குச் சொல்லப்பட்ட பெரும் நன்மையை நாம் அறிவோம். அப்படியிருந்தும் பத்து நிமிட நடைக்கு பைக் எடுத்து, பள்ளித் தெருவை அடைத்து நிறுத்துகிறோம். தொல்லை தருவதைப் பாதையிலிருந்து அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நாம், தொல்லையை நாமே கொண்டுவந்து பாதையில் நிறுத்தலாமா? ஊன்றுகோலோடு வரும் பெரியவர் அந்த வண்டிகளுக்கு இடையில் ஒதுங்கி ஒதுங்கித்தானே பள்ளிக்கு வர வேண்டியிருக்கிறது.

பத்திரத்தில் நம் பெயர் இருக்கலாம். நிலமும் நீரும் காற்றும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நமக்குப் பின் வருபவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. எங்கே கட்டினோம், எப்படிப் போய் வந்தோம் என்பதற்கும் அவனிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் ஊர்களை எளியவர்களும் முதியவர்களும் குழந்தைகளும் அச்சமின்றி நடக்கும் ஊர்களாக ஆக்குவாயாக. எங்களால் யாருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக. எங்கள் காலடிகளை நன்மைகளாக எழுதுவாயாக. ஆமீன்.