துன்பம் அறியத் துன்புறுத்தலாமா?

பிற உயிர்களின் துன்பத்தை அறிவதற்காக அவற்றைத் துன்புறுத்துதல் தகுமா? விலங்கு நல அறிவியலில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர் எவரும் விடை காண வேண்டிய வினா இது. நம் பிள்ளைகள் உயிரியலும் கால்நடை மருத்துவமும் பயிலும் இந்நாளில் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

1926ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹியூம் என்பார் விலங்கு நலச் சங்கம் ஒன்றை நிறுவினார். அது பின்னர்ப் பல பல்கலைக்கழகங்களுக்கும் உரியதாக விரிந்து, மாணவர் ஆய்வுகளுக்கு உதவித்தொகையும் வழங்கி வந்துள்ளது. அதன் ஆதரவில் ரஸ்ஸல், பர்ச் ஆகிய இருவர் 1959இல் வெளியிட்ட நூல், ஆய்வாளர்க்கு மூன்று நெறிகளை வகுத்தது: விலங்கிற்கு மாற்றுக் காணல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல்.

"அருள் ஒன்றே போதாதா? ஆய்வு எதற்கு?" எனச் சிலர் வினவலாம். போதாது என்பதற்குச் சான்று உண்டு. 1965இல் பிரிட்டனில் பிராம்பெல் குழு, கூண்டுக் கோழிகளுக்கு மெல்லிய கம்பிவலைத் தளம் ஆகாது, தடித்த கம்பித் தளமே வேண்டும் எனப் பரிவுடன் பரிந்துரைத்தது. 1973இல் ஹியூஸ், பிளாக் என்னும் ஆய்வாளர்கள் இருவகைத் தளங்களையும் அமைத்து, கோழிகள் எதனை நாடுகின்றன என நோக்கினர். அவை மெல்லிய வலையையே நாடின. கூண்டு நன்று என்பது இதன் பொருளன்று. பரிவுடையோரும் கேளாமலே முடிவு செய்தால் பிழைபட நேரும் என்பதே பொருள். நல்லொழுக்கத்திற்கு நல்ஞானமும் துணை நிற்க வேண்டும் என மும்மணி உணர்த்துவதும் இதுவே.

மற்றோர் ஆய்வைக் காண்போம். 2003இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் டிரவுட் மீன்களின் உதடுகளில் தேனீ நஞ்சும் அசிட்டிக் அமிலமும் செலுத்தினர். அமிலம் ஏற்ற மீன்கள் சரளைக் கற்களில் வாயைத் தேய்த்தன; நெடுநேரம் இரை கொள்ளவில்லை. மீன் வலியை உணரும் என்பதற்கு இது வலிய சான்றாயிற்று; மீன்களின் நலம் பற்றிய சிந்தனையும் வளர்ந்தது. ஆயினும் நற்பயன் விளைந்ததனால் இம்சை அஹிம்சை ஆகிவிடாது. மீனை ஐயறிவுயிராகக் கொள்ளும் நமக்கு இச்சான்று வேண்டுவதில்லை. நம்பாத உலகிற்கு வேண்டுமே எனின், அவ்வாதத்தின் வலிமையை நாம் மறுக்கவில்லை. சான்று தாமதிக்குமாயின் சீர்திருத்தமும் தாமதிக்கும். அதன் விலையை மீன்களே கொடுக்கும்.

அங்ஙனமாயினும், நம் மாணவர்க்கு நாம் சொல்வது ஒன்றே. கோழியிடம் கேட்டதுபோல் கேளுங்கள், புண்படுத்திக் கேளாதீர்கள். நோயுற்ற பசுவும் காலொடிந்த நாயும் கோசாலைகளிலும் கால்நடை மருத்துவமனைகளிலும் ஏற்கெனவே உள்ளன. அவற்றின் நடையையும் உணவையும் உறக்கத்தையும் பொறுமையுடன் நோக்கிப் பதிவு செய்வதும் ஆய்வே; கண்டறிந்ததன் பயன் அவ்வுயிர்களுக்கே சென்று சேரும். புண்படுத்தினாலன்றி விடை கிடைக்காத வினாவை விட்டுவிடுக. சில வினாக்களுக்கு விடையின்றி வாழ்வதும் ஒரு விரதமே. அவ்விரதம் பூணும் பிள்ளைக்கு மதிப்பெண் சிறிது குறையினும், பெற்றோர் துணை நிற்றல் கடனாகும்.